குளிர்காலத்தில் பாய்லரின் கண்டென்சேட் பைப் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

காலையில் எழுந்து ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. வெளியே மைனஸ் 6 டிகிரி. பாய்லர் பக்கத்தில் போய் நின்றால், உள்ளே யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி களக் களக் என்று ஒரு சத்தம், திரையில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் மின்னிக்கொண்டே இருக்கின்றன, ரீசெட் பட்டனை அழுத்தினால் ஒரு தடவை உறுமிவிட்டு மறுபடி அணைந்துவிடுகிறது. பிரிட்டனில் வீட்டுக்குச் சூடும் வெந்நீரும் தருகிற கேஸ் பாய்லர் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். பெரும்பாலும் பாய்லரில் ஒரு கோளாறும் இருக்காது. சுவருக்கு வெளியே போகிற ஒரு பிளாஸ்டிக் பைப்புக்குள் விரல் நீளத்துக்கு ஐஸ் அடைத்திருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு இது அடுத்தடுத்து இரண்டு குளிர்காலம் நடந்தது. முதல் தடவை வெந்நீர் ஊற்றி இளக்கிவிட்டு மறந்துபோனேன். வெயில் காலத்தில் இந்தப் பைப் யாருக்கு நினைவிருக்கும்? இரண்டாவது தடவை வந்தபோது, அதே பைப், அதே வளைவு. அப்புறம்தான் உட்கார்ந்து பைப்பை ஆரம்பம் முதல் நுனி வரை மாற்றினேன், அதற்குப் பிறகு உறையவில்லை. அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் பைப் எதற்கு?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலில் இருந்து, புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய பாய்லர் சூடான புகையை அப்படியே வெளியே விட்டுவிடும். கண்டென்சிங் பாய்லர் அந்தப் புகையில் இருக்கிற நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அப்போது வெளிப்படும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறது. 16 கிராம் மீத்தேன் எரிந்தால் 36 கிராம் தண்ணீர் உண்டாகிறது, எரிந்த வாயுவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இது முழுக்கத் தண்ணீராக மாறுவதில்லை, ஆனாலும் ஒரு வீட்டு பாய்லர் நன்றாக ஓடினால் மணிக்கு 2 லிட்டர் வரை சேர்ந்துவிடும். இதுதான் கண்டென்சேட். இதை வடிப்பதற்குத்தான் அந்தப் பைப்.

இந்தத் தண்ணீர் லேசான அமிலம். அதனால் பைப் பிளாஸ்டிக்கில்தான் இருக்க வேண்டும், செம்பில் போட்டால் அரித்துவிடும். ஆனால் உறைவதைப் பொறுத்தவரை இந்த அமிலத்தால் ஒரு பயனும் இல்லை. சாதாரணத் தண்ணீர் மாதிரி 0 டிகிரியை ஒட்டியே உறையும்.

சரி, சூடாக வெளியே வருகிற தண்ணீர் ஏன் உறைய வேண்டும்? ஏனென்றால் அது ஓடுவதில்லை, சொட்டுகிறது. பாய்லர் குறைந்த தீயில் எரியும்போது மெல்லிய நூலாகத் தண்ணீர் பைப்பின் அடிப்பக்கத்தில் ஊர்ந்து போகும், அந்த மெல்லிய படலத்தில் இருக்கிற சூடு பைப்பின் சுவர் வழியாகக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே போய்விடும். ஒரு படலம் உறையும். அதன் மேல் அடுத்தது. இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து விடியற்காலைக்குள் பைப் முழுக்க மூடிவிடும். தண்ணீர் பின்னால் ஏறிப் பாய்லருக்குள்ளேயே நிற்கும்போது, அது பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. அந்தக் களக் களக் சத்தம் வெளியே போக வழியில்லாத தண்ணீருக்குள் காற்று குமிழியிடுவதுதான்.

எனவே நீங்கள் செய்யப்போகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்விதான்: தண்ணீர் எங்கே தாமதிக்கிறது? உறை போர்த்துவதைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். உறைக்குச் சூடு உண்டாக்கத் தெரியாது, இருக்கிற சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கத்தான் தெரியும். தண்ணீர் நிற்கிற பைப்புக்கு எவ்வளவு தடிமனாகப் போர்த்தினாலும் நீண்ட குளிர் ராத்திரியில் அது தோற்றுவிடும்.

படி 1: பைப்பைத் தேடிப் பாருங்கள்

இதைக் குளிர் வருவதற்கு முன், செப்டம்பர் அக்டோபரில் செய்யுங்கள். பாய்லருக்கு அடியில் வரிசையாகச் செம்புக் குழாய்கள் இறங்கும், அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு பிளாஸ்டிக் பைப் இருக்கும். பெரும்பாலும் வெள்ளை அல்லது சாம்பல் நிறம். அதைப் பின்தொடர்ந்து போங்கள். சிங்க்கின் கழிவுப் பைப்போடு உள்ளேயே சேர்ந்துவிட்டால் உங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, ஒரு டீ போட்டுக் குடிக்கலாம். சுவரைத் துளைத்து வெளியே போனால், வெளியே போய் அதே இடத்தைக் கண்டுபிடித்து, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியே எத்தனை மீட்டர் ஓடுகிறது, எவ்வளவு தடிமன், எத்தனை வளைவு, எங்காவது தொய்ந்திருக்கிறதா, நுனி எங்கே முடிகிறது.

பாய்லர் கராஜிலோ கூரைக்கு அடியில் உள்ள பரணிலோ இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சூடேற்றப்படாத அறை உறையும் விஷயத்தில் வெளிப்புறம் மாதிரிதான். அங்கே ஓடுகிற நீளத்தையும் வெளியே ஓடுவதாகவே கணக்கில் எடுங்கள். வெளிச்சுவரில் எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு கராஜுக்குள் இருக்கிற 2 மீட்டரை மறந்துவிடுவது எளிது.

என் வீட்டில் நான் பார்த்தது: 21.5 மில்லிமீட்டர் மெல்லிய பைப், சுவரை ஒட்டி கிட்டத்தட்ட 4 மீட்டர் படுத்தபடி, நடுவில் ஒரு கிளிப் கழன்று தொங்கியதால் பைப் வயிறு சரிந்த மாதிரி தொய்ந்து, அந்தத் தொய்வுக்குள் எப்போதும் ஒரு கோப்பைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. மேலே சுற்றியிருந்த கறுப்பு நுரை வெயிலில் வெடித்து, விரலால் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொருத்தியவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, அவர் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது.

படி 2: வெளியே போகாமல் முடிக்க முடியுமா?

எல்லாவற்றிலும் உறுதியான தீர்வு இதுதான், அதனால் மற்றதைப் பற்றி யோசிக்கும் முன் இதை யோசியுங்கள். வீட்டுக்குள்ளேயே ஓடுகிற கழிவுநீர்க் குத்துக்குழாய் இருந்தால் அதில் சேர்க்கலாம், அல்லது சிங்க், வாஷ் பேசின், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் கழிவுப் பைப்பில் சேர்க்கலாம். பைப் முழுக்கச் சூடான வீட்டுக்குள் இருந்தால் உறைவதற்கு வழியே இல்லை.

ஆனால் சேர்க்கிற விதம் முக்கியம். சிங்க்கில் இருந்து ஒரு வாளித் தண்ணீர் சர்ரென்று இறங்கும்போது அது கண்டென்சேட் பைப்புக்குள் ஏறவும் கூடாது, பாய்லரின் டிராப்பில், அதாவது எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருக்கிற பொறியில், நிற்கிற தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடவும் கூடாது. அந்த டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் எரிந்த புகை வீட்டுக்குள் வராமல் தடுக்கிற பூட்டு, அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கலாம். ஆகவே இந்த இணைப்பை நீங்களே முயற்சி செய்யாமல், கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவு பெற்ற ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

பாய்லர் அடித்தளத்தில் இருக்கிறது, தண்ணீர் தானாக இறங்க வழியில்லை என்றால் கண்டென்சேட் பம்ப் என்று ஒன்று உண்டு. ஒரு சிறிய தொட்டி, அது நிரம்பியதும் மோட்டார் தண்ணீரை மேலே தள்ளிவிடும். வேலை செய்யும், ஆனால் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு பொருள் வீட்டில் சேர்கிறது. பம்ப்பின் வெளிப்பைப் குளிரில் ஓடினால் அதுவும் உறையும். எனக்கு அதில் அவ்வளவு ஆசையில்லை.

படி 3: குறுக்கு, அகலப்படுத்து

வெளியேதான் போக வேண்டும் என்றால், வெளியே இருக்கிற நீளம் 3 மீட்டருக்குள் இருக்கட்டும், அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. சுவருக்கு உள்பக்கமாகவே பைப்பை டிரெயின் இருக்கிற மூலை வரை கொண்டுபோய், அங்கே துளைத்து நேராகக் கீழே இறக்கினால் 4 மீட்டர் 1 மீட்டராகிவிடும். சமையலறை அலமாரிகளுக்குப் பின்னால் பைப் ஓடுவதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்தது தடிமன். 21.5 மில்லிமீட்டர் பைப் வீட்டுக்குள் ஓடச் சரி. வெளியே உள்விட்டம் குறைந்தது 30 மில்லிமீட்டர் வேண்டும், அதாவது கடையில் 32 மில்லிமீட்டர் கழிவுப் பைப் என்று கேட்டால் கிடைப்பது. பெரிய பைப்பில் ஐஸ் வாயை அடைக்க அதிக நேரமாகும், அந்த நேரத்துக்குள் பாய்லரின் அடுத்த சுற்றுச் சூடான தண்ணீர் வந்து இளக்கிவிட வாய்ப்பிருக்கிறது. ஒரு நுணுக்கம்: அகலமாக்குவதைச் சுவருக்கு வெளியே வைக்காதீர்கள். மெல்லிய பைப்பை உள்ளேயே 32-க்கு மாற்றிவிட்டு, அகலமான பைப்பாகவே சுவரைத் துளைத்து வெளியே வரட்டும். சுவரின் துளை ஒரு குளிர்ந்த சுரங்கம், மெல்லிய பைப் அங்கேயே உறைந்துபோகும். துளையைச் சுற்றியும் உறை போட்டு, இடைவெளியை அடைத்துவிடுங்கள்.

செங்கோண வளைவுகளைக் குறையுங்கள். ஒரு 90 டிகிரி எல்போ போடுகிற இடத்தில் இரண்டு 45 டிகிரி வளைவு போட்டால் தண்ணீர் முட்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

படி 4: வாட்டம்

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு மீட்டருக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும், முழு நீளத்துக்கும். கண்ணுக்கு இது ரொம்பச் சாய்ந்த மாதிரி தெரியும். அதனாலேயே பொருத்துகிறவர்கள் செங்கல் வரிசைக்கு இணையாக, பார்க்க அழகாக, கிட்டத்தட்ட மட்டமாகப் பைப்பை ஓட்டிவிடுகிறார்கள். அழகு பார்த்தால் ஜனவரியில் குளிரில் நடுங்க வேண்டியதுதான்.

அளப்பதற்கு ஒரு எளிய வழி. 60 சென்டிமீட்டர் ரசமட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு நுனிக்கு அடியில் 27 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு மரத்துண்டை டேப் போட்டு ஒட்டுங்கள். மரத்துண்டு பைப்பின் தாழ்ந்த பக்கம் வருகிற மாதிரி ரசமட்டத்தைப் பைப் மேல் வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. குமிழி மரத்துண்டு இருக்கும் பக்கமாக நகர்ந்தால் வாட்டம் போதவில்லை, இன்னும் இறக்குங்கள். 3 மீட்டர் பைப்புக்கு மொத்தம் 135 மில்லிமீட்டர் இறக்கம் வரும், கிட்டத்தட்ட இரண்டு செங்கல் உயரம்.

பிளாஸ்டிக் பைப் காலப்போக்கில் தன் எடையிலேயே தொய்யும். படுத்து ஓடுகிற இடத்தில் அரை மீட்டருக்கு ஒரு கிளிப் அடியுங்கள். கிளிப்பைக் கஞ்சத்தனம் பார்த்து ஒரு மீட்டருக்கு ஒன்று அடித்திருந்ததால்தான், ஒன்று கழன்றதும் என் பைப்புக்கு வயிறு வந்தது.

படி 5: நுனி

ஐஸ் பிடிக்க ஆரம்பிக்கிற இடங்களில் திறந்த நுனியும் ஒன்று. காற்று நேராக அடிக்கும், சொட்டு தொங்கும், தொங்குகிற சொட்டு உறையும், அதன் மேல் அடுத்த சொட்டு, மறுநாள் காலை நுனியில் ஒரு ஐஸ் தாடி. நுனியை நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்வாக வெட்டினால் சொட்டு கூர்ப்பக்கமாக ஒழுகி விழுந்துவிடும். கழிவுக் குழிக்குள் இறக்குவதாக இருந்தால் கம்பி வலைக்குக் கீழே, ஆனால் தேங்கி நிற்கிற தண்ணீருக்கு மேலே முடியட்டும். தண்ணீருக்குள் முங்கினால் மேல்தண்ணீர் உறையும்போது பைப்பின் வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும். இலைதழை சேர்ந்து குழி அடைத்தாலும் இதே கதை, எனவே இலையுதிர்காலம் முடிந்ததும் ஒரு தடவை கையுறை போட்டு வாரி எடுத்துவிடுங்கள்.

டிரெயினே பக்கத்தில் இல்லாத இடங்களில் சுண்ணாம்புக் கல் நிரப்பிய உறிஞ்சுகுழி தோண்டுவார்கள், கல் அமிலத்தை முறித்துவிடும். அந்தக் குழி வீட்டில் இருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

படி 6: உறை

இப்போது உறையைப் பற்றிப் பேசலாம். கடையில் வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிற நுரைக் குழாய் மலிவாகக் கிடைக்கும். அது வெளியே போட உதவாது. மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், பறவைகள் கொத்திக்கொண்டு போகும். ஊறிய நுரை ஈரத் துணி போர்த்திய மாதிரி, பைப்பை இன்னும் குளிரவைக்கும். வெளியே போடுவதற்கென்றே தண்ணீர் புகாத, வெயில் தாங்குகிற உறை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். நான் 19 மில்லிமீட்டர் தடிமன் போட்டேன்.

போடும்போது வளைவுகளில்தான் பிசகும். நேரான பகுதியில் அழகாகப் போட்டுவிட்டு எல்போவில் இரண்டு விரல் இடைவெளி விட்டால், ஐஸ் அந்த இடைவெளியில்தான் உட்காரும். மூலைகளில் உறையை 45 டிகிரியில் வெட்டிப் பொருத்தி, தையல் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி வைத்து, ஒவ்வொரு மூட்டையும் தண்ணீர் புகாத டேப்பால் சுற்றுங்கள். தையல் மேல்பக்கம் இருந்தால் மழை நேராக உள்ளே இறங்கும். கடைசி நுனி வரை போடுங்கள்.

படி 7: இதற்கும் அடங்காவிட்டால் சூடேற்றும் கம்பி

சில வீடுகளில் பாதையையும் மாற்ற முடியாது, வாட்டமும் கொடுக்க முடியாது. அங்கே பைப்பை ஒட்டி, உறைக்கு அடியில் ஒரு சூடேற்றும் கம்பி ஓட்டலாம். வெப்பநிலை சில டிகிரிக்குக் கீழே இறங்கும்போது தானாகவே சூடாகிற வகை இருக்கிறது, குளிர் கூடினால் அதிகம் சூடாகும், குறைந்தால் தணியும். மின் இணைப்பு வெளிப்புறத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போனால் கம்பியும் போச்சு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாய்லருக்குள்ளேயே உறைபனிப் பாதுகாப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது பாய்லருக்குள் இருக்கிற தண்ணீரைத்தான் காக்கும். சுவருக்கு வெளியே இருக்கிற பைப் அதற்குத் தெரியவே தெரியாது. இன்னொரு விஷயம் சைஃபன். பல பாய்லர்களில் டிராப்புக்குள்ளேயே சைஃபன் இருக்கும், அது சொட்டுச் சொட்டாக விடாமல் கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொட்டும். உங்கள் பாய்லரில் அது இல்லை என்றால், அடுத்த வருடாந்திர சர்வீஸின்போது சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

கடுங்குளிர் எச்சரிக்கை வந்த ராத்திரியில்

மேலே சொன்ன எதையும் செய்ய நேரமில்லை, நாளை மைனஸ் 8 என்று வானிலை அறிக்கை சொல்கிறது. அன்றைக்கு மட்டும் ஹீட்டிங்கை டைமரில் விடாமல் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள், பாய்லரில் ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பநிலையைக் கூட்டிவையுங்கள். கேஸ் மிச்சம் பிடிக்க அதை 55, 60-இல் வைத்திருப்பீர்கள், சாதாரண நாட்களில் அதுதான் சரி. ஆனால் ரேடியேட்டரிலிருந்து பாய்லருக்குத் திரும்பி வருகிற தண்ணீர் 55 டிகிரிக்கு மேல் இருந்தால் கண்டென்சேட் குறைவாகவும் சூடாகவும் வரும், பைப்புக்கு நல்லது. கொஞ்சம் கேஸ் அதிகம் எரியும். குளிர் விட்டதும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள், நான் ஒரு தடவை மறந்து மார்ச் வரை அப்படியே விட்டுவிட்டேன்.

உறைந்தே போய்விட்டால்

முதலில் வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஈஏ, எஃப்28, எஃப்29, எல்2, ஈ133 என்று வெவ்வேறு பாய்லர்கள் காட்டுகிற குறிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே பொருள்தான், தீ பிடிக்கவில்லை அல்லது பிடித்த தீ நிற்கவில்லை. முன்பணம் கட்டுகிற கேஸ் மீட்டரில் பணம் தீர்ந்திருந்தாலும் அதே குறி வரும். கேஸ் அடுப்பு எரிகிறதா பாருங்கள். அடுப்பு எரிகிறது, வெளியே உறைபனி, பாய்லரில் கொப்பளிக்கிற சத்தம் என்றால் பைப்தான்.

பாய்லரை அணைத்துவிட்டு வெளியே போங்கள். தரையில் நின்றபடி எட்டுகிற உயரமாக இருந்தால் மட்டும் கைவையுங்கள், ஐஸ் படிந்த தரையில் ஏணி போடுவது மடத்தனம். நுனியில் இருந்து தொடங்கி மேல்நோக்கி வாருங்கள், அப்போதுதான் இளகுகிற தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கும். வெந்நீர்ப் பையைப் பைப்பில் வைத்துத் துண்டால் சுற்றிக் கட்டி ஒரு கால் மணி நேரம் விடலாம், அல்லது கை பொறுக்கிற சூட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றலாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், சில்லிட்டிருக்கிற பிளாஸ்டிக் விரிசல் விடும், உங்கள் கையும் வெந்துபோகும். நெருப்பு வைக்கவே கூடாது. ஊற்றிய தண்ணீர் நடைபாதையில் பத்து நிமிடத்தில் கண்ணாடி மாதிரி உறையும், உடனே உப்புத் தூவுங்கள். பாய்லரை மீட்ட சந்தோஷத்தில் திரும்பி நடந்து நான் விழுந்தது அந்தக் கண்ணாடியில்தான்.

உள்ளே இருந்த அடைப்பு விட்டதும் பைப் ஒரு தடவை பெருமூச்சு விட்ட மாதிரி கொட்டும், ஐஸ் துண்டுகளோடு. அப்புறம் ரீசெட் செய்யுங்கள். இரண்டு மூன்று தடவை முயன்றும் எரியாவிட்டால் நிறுத்திவிட்டு கேஸ் சேஃப் பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள், பாய்லரின் உறையை நீங்கள் திறக்க வேண்டாம். பைப் எட்டாத உயரத்தில் இருந்தால், அவர்கள் தற்காலிகமாக உள்ளே டிராப்புக்குப் பிறகு பைப்பைக் கழற்றி ஒரு வாளி வைத்துவிடுவார்கள். மணிக்கு 2 லிட்டர் கணக்கை மறந்துவிட்டுத் தூங்கினால் சமையலறைத் தரை நனையும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு: இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி ஹீட்டிங்கும் வெந்நீரும் வேலை செய்கிற நிலையில் வைத்திருப்பது பொதுவாக வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. ஒவ்வொரு குளிர்காலமும் உறைகிறது என்றால் பைப்பை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், தொய்வையும் நீளத்தையும் போட்டோ எடுத்து, இன்ச் டேப் தெரிகிற மாதிரி வைத்து அனுப்புங்கள். "பாய்லர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் ஆள் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார். "வெளியே 21.5 மில்லிமீட்டர் பைப் 4 மீட்டர் மட்டமாக ஓடுகிறது" என்று எழுதினால் பைப்போடு வருவார்.